ஐசோநியாசிட்டும் ஐந்து வெள்ளிக்கிழமைகளும்

பதினேழு வயதில் எனக்குக் காசநோய் வந்தது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. “ரத்தம் பத்தலை, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுறா” என்று அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். நான் இருமினால் பக்கத்து வீட்டு ஆன்டி தண்ணீர் குடிக்கச் சொல்லுவார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நோயை மூடி மறைத்தது அம்மாவின் சாமர்த்தியம்தான்.

காரணம் அக்கா. கிளாங்கில் ஒரு நல்ல குடும்பத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். தங்கைக்கு நெஞ்சில் நோய் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. அப்பா ரயிலில் கார்டு. வீட்டில் இருந்த நாளைவிட வண்டியில் இருந்த நாள் அதிகம். ஆகவே நோயும் கல்யாணமும் இரண்டுமே அம்மாவின் தலையில் விழுந்தன. மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில், அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும். காலையில் அம்மா உள்ளங்கையில் வைத்து நீட்டுவார், நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன்.

முதல் இரண்டு மாதம் நானே கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். அப்புறம் வெறும் மாத்திரை. மாதத்துக்கு ஒருமுறை அம்மா போய் வாங்கி வருவார். அதில் முக்கியமானது ஐசோநியாசிட். அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி வந்தது, விரல் நுனி மரத்துப்போனது, ஒருநாள் கண் லேசாக மஞ்சளானது. டாக்டர் சில வாரம் நிறுத்தச் சொன்னார். மஞ்சள் தெளிந்ததும் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை குமட்டல்கூட இல்லை. அக்கா கல்யாணத்தில் நான் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு ஓடியாடிப் பரிமாறினேன்.

கல்யாணம் முடிந்து ஆறு மாதத்தில் இருமல் திரும்பி வந்தது. சளியில் ரத்தம். நோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் என் அட்டையில் எழுதினார். பல்கலைக்கழகம் போவதற்கான ஆறாம் படிவத் தேர்வை எழுத முடியவில்லை, கூடப் படித்தவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். முதலிலிருந்து ஊசி, முதலிலிருந்து மாத்திரை, பதினெட்டு மாதம். அந்தப் பதினெட்டு மாதத்தில் எனக்குள் ஒரு பகை வளர்ந்தது. மனிதர்கள் மேல் இல்லை, அந்த வெள்ளை மாத்திரையின் மேல். சொன்னபடி தினமும் சாப்பிட்டேன், அது என்னைக் கைவிட்டது. இதைவிட நல்ல மருந்து ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். நான் ஒன்றை முடிவு கட்டினால் கட்டினதுதான். வீட்டில் எனக்குப் பட்டப்பெயரே ‘பிடிவாதம்’.

எண்பதுகளின் கடைசியில், வேதியியலில் முதுகலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, எந்த மூலக்கூறை எடுக்கப்போகிறாய் என்று பேராசிரியர் கேட்டார். ஐசோநியாசிட் என்றேன். ஏன் என்றார். “சின்ன மூலக்கூறு சார், கணக்குப் போடச் சுலபம்” என்றேன். அம்மாவின் மகள் அல்லவா, பொய் நாக்கு நுனியிலேயே இருந்தது. அவர் ஈப்போச் சீனர், நிதானமானவர், எப்போதும் ஃபிளாஸ்கில் சீனத் தேநீர் வைத்திருப்பார். சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு கோப்பை ஊற்றிக்கொடுத்தார்.

சின்ன மூலக்கூறு என்பது உண்மைதான். ஆறு அணுக்கள் கொண்ட ஒரு வளையம், அதில் ஒன்று நைட்ரஜன். வளையத்தில் தொங்கும் ஒரு வால். வாலின் நுனியில் இரண்டு நைட்ரஜன்கள் கைகோத்து நிற்கும். மருந்தை உடம்பு செயலிழக்க வைப்பது அந்த வால் நுனியில்தான். ஈரல் அங்கே ஒரு சிறு துண்டை ஒட்டவைத்து, மருந்தைப் பல் பிடுங்கிய பாம்பாக்கி வெளியே அனுப்பிவிடும். சரி, அந்த நுனியை முன்கூட்டியே மூடிவிட்டால்? பாதாம் எசன்ஸ் வாசனையுள்ள ஒரு பொருளை அங்கே இணைத்தால் இன்னொரு வளையம் வந்து சேரும், நுனி மூடிக்கொள்ளும். இப்படி ஐசோநியாசிட்டிலிருந்து பிறக்கும் அந்த வழிப்பொருள்தான் என் நாயகன். ஐசோநியாசிட் வில்லன். இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, எலெக்ட்ரான்கள் எங்கே கூடுகின்றன, எங்கே குறைகின்றன, எந்தப் பிணைப்பு உறுதி, எது பலவீனம் என்று குவாண்டம் கணக்கு போட்டு, வில்லனைத் தோற்கடிக்க வேண்டும். ஆராய்ச்சி முன்மொழிவில் இதை நாகரிகமாக எழுதியிருந்தேன்.

கணக்கு என்றால் கையால் போடுவது இல்லை. பல்கலைக்கழகத்தின் கணினி நிலையத்தில் ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. கண்ணாடி அறைக்குள், எங்களைவிட நல்ல குளிர்சாதன வசதியோடு அது வாழ்ந்தது. அதற்கு ஒவ்வொரு அணுவையும் ஒரு வரியாகச் சொல்ல வேண்டும்: முந்தைய அணுவிலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணம், எவ்வளவு திருகல். நாம் தருவது தொடக்க வடிவம். இயந்திரம் அதை அப்படி இப்படி நகர்த்தி, ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அந்த வடிவத்தில் கொண்டுபோய் நிறுத்தும். தொடங்கும்போது திருகல் கோணங்களை எல்லோரும் சுழியம் அல்லது நூற்றெண்பது என்றே போடுவோம். தட்டச்சு செய்யச் சுலபம், படம் வரைந்தாலும் காகிதத்தில் தட்டையாக அழகாக இருக்கும். மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கை.

அந்த இயந்திரத்திடம் முறை கிடைப்பதுதான் பாடு. பொறியியல்காரர்களும் கணக்குப் பிரிவும் எப்போதும் வரிசையில் முன்னால் நிற்பார்கள். எனக்கு வழி காட்டியது வெள்ளிக்கிழமை. தொழுகை நேரத்தில், பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டே முக்கால்வரை, நிலையம் காலியாகிவிடும். பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போவார்கள், மீதிப் பேர் அதைச் சாக்காக வைத்துப் பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போவார்கள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மலாய் அக்கா மட்டும் இருப்பார். எல்லோரும் அவரைக் ‘காக்’ என்று கூப்பிடுவோம். முதல் நாளே மலாயில் கண்டிப்பாகச் சொன்னார்: “தங்கச்சி, இந்த ரெண்டு மணி நேரம் உனக்கு. ரெண்டே முக்காலுக்கு மேலே ஒரு நிமிஷம் கேட்காதே.” நான் கேட்டதில்லை.

வீட்டில்தான் சண்டை. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா கோவிலுக்கு வராமே அந்த மெஷினுக்குப் பூசை போடப் போறியா?” என்பார் அம்மா. “போறேன்மா, அதுவும் வரம் கொடுக்குது” என்பேன். இளஞ்சிவப்பு மினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அச்சடித்த காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வருவேன். இரு ஓரமும் ஓட்டை போட்ட அகலமான காகிதம், ஒன்றோடொன்று ஒட்டி மடிந்து வரும். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பிழையாக ஓடிய கணக்குகளையெல்லாம் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்துவிடுவார். மஞ்சள்தூள் டப்பாவும் பருப்பு டப்பாவும் என் ஆற்றல் எண்களின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

இரண்டரை வருடத்தில் முடிவு கிடைத்தது. வழிப்பொருள் பலகைபோல் தட்டை. ஒரு வளையத்திலிருந்து மறு வளையம்வரை எலெக்ட்ரான்கள் ஒரே விரிப்பாகப் பரவியிருந்தன. அதனால் மூடிய நுனி உறுதியாக மூடியே இருக்கும், எளிதில் அவிழாது என்று வாதம் கட்டினேன். துறைக் கருத்தரங்கில் படித்தபோது கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து, மரத்துப்போயிருந்த அந்த விரல் நுனிகளைப் பார்த்து, “பார்த்தியா?” என்று சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை.

ஆய்வேடு தட்டச்சாகிவிட்டது. ஒப்படைக்க ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியிருந்ததால் இனி ஒருநாள்கூடக் கிடைக்காது என்று அலுவலகத்தில் கடிதமே கொடுத்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தை வீணாக்க மனம் வரவில்லை. கிடைத்த வடிவம் எப்படியெல்லாம் அதிரும் என்று ஒரு கணக்கு உண்டு. நிறைய நேரம் தின்னும் என்று தள்ளிப்போட்டு வந்திருந்தேன். சும்மா போட்டுவைத்தேன். காக் கிழித்துக் கொடுத்த தாளில் அதிர்வு எண்கள் வரிசையாக இருந்தன. முதல் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

ஓட்டு வீட்டின் முகட்டில், சரியாக நடுவில், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது நின்றாலும் நிற்கும். யாரும் தொடாதவரை, இதுதான் அதன் இடம் என்று நாமும் நம்பலாம். லேசாகத் தட்டினால்தான் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உருண்டு தரைக்குப் போகும். அந்தக் கழித்தல் குறிக்கு அதுதான் பொருள். நான் மூலக்கூறைத் துல்லியமாகத் தட்டையாகத் தொடங்கிவைத்தேன். இடப்பக்கம் இழுக்கும் விசையும் வலப்பக்கம் இழுக்கும் விசையும் அச்சுப் பிசகாமல் சமம். பாவம் இயந்திரம், எந்தப் பக்கம் திருப்புவது? நான் போட்ட சுழியத்தை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. நான் இரண்டரை வருடம் எழுதியதெல்லாம் முகட்டில் நின்ற பழத்தைப் பற்றி.

காக் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு வாழைப்பழ ஜெம்புட் எடுத்துக் கொடுத்தார். எண்ணெய்ப் பலகாரத்தை மென்றபடி அந்தத் தாளை மூன்று முறை படித்தேன்.

பேராசிரியர் தாளை முழுக்கப் பார்த்தார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்தார். “எல்லாரும் தட்டையாகத்தான் தொடங்குகிறார்கள். பாதிக் கட்டுரைகளில் இந்தச் சோதனையே இருக்காது. ஒரு அடிக்குறிப்பு போடு, ஒப்படைத்துவிடு. பட்டம் வாங்கிய பிறகு திருத்திக்கொள்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் பெயர் மாணவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுமோ என்ற கவலையில் சொன்னார்.

“அடிக்குறிப்பு போட்டால் உண்மை மாறிடுமா சார்?”

“ஐந்து வாரம்தான் இருக்கிறது. எத்தனை கணக்கு மறுபடி ஓட்ட வேண்டும்?”

“எல்லாத்தையும்.”

“முடிவு உனக்கு எதிராக வந்தால்?”

முடிவு எனக்கு எதிராக வரக்கூடாது என்பதற்காகத்தான் மூன்று வருடம் உழைத்திருந்தேன். ஆனால் பொய்க் கணக்கில் ஜெயித்து அந்த மருந்தை என்ன செய்வது? “வந்தால் வரட்டும் சார்” என்று எழுந்துவிட்டேன்.

ஐந்து வாரம் என்றால் எனக்கு ஐந்து வெள்ளிக்கிழமை. மற்ற நாட்களில் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதித் தயார் செய்தேன். இந்த முறை எந்தத் திருகலும் சுழியம் இல்லை. ஒன்றுக்குப் பத்து பாகை, ஒன்றுக்குப் பதினைந்து, வேண்டுமென்றே கோணலாக. முதல் வெள்ளியில் ஐசோநியாசிட். இரண்டாவது வெள்ளியில் வழிப்பொருளைப் போட்டேன். ஒன்றரை மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது, இடி இறங்கியது, மின்சாரம் போனது. கணக்கு பாதியில் செத்தது. காக் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார். நான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வானத்தைத் திட்டினேன். ஒரு வாரம் போச்சு.

மூன்றாவது வெள்ளியில் காக் எனக்கு முன்பே வந்து, என் பெயரை வரிசையில் முதலில் போட்டுவைத்திருந்தார். அன்று பழம் முகட்டிலிருந்து உருண்டது. வழிப்பொருளின் வால் திருகிக்கொண்டு இறங்கி, ஒரு வளையம் மற்றதற்குச் சாய்ந்த நிலையில் வந்து நின்றது. அதிர்வு எண்களில் கழித்தல் குறி ஒன்றுகூட இல்லை. இதுதான் உண்மையான வடிவம். எலெக்ட்ரான் விரிப்பு நடுவில் மடிந்துபோயிருந்தது. மூடிய நுனி நான் சொன்ன அளவுக்கு உறுதியாக இல்லை. வயிற்று அமிலத்தில் அவிழ்ந்து, மறுபடி ஐசோநியாசிட்டாகவே ஆகிவிடும் சாத்தியம்தான் அதிகம் என்று எண்கள் சொல்லின. நான்காவது வெள்ளியும் ஐந்தாவது வெள்ளியும் அதையே வேறு வேறு தொடக்கத்திலிருந்து சோதித்தேன். எங்கிருந்து உருட்டினாலும் பழம் அங்கேயே வந்து விழுந்தது.

என் நாயகன் வேஷம் கலைத்தால் உள்ளே வில்லன். ஐந்தாவது வெள்ளி மினி பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, மிச்சமிருந்த சில நாளில் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் புதிதாக எழுதினேன். கெடு நாள் மாலை அலுவலகம் மூடுவதற்குள் ஒப்படைத்தேன்.

வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தட்டை வடிவம் தவறு என்று நீங்களே கண்டுபிடித்து நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் வழிப்பொருள் மேலானது இல்லை என்றால், இந்த இரண்டையும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எங்கேயும் சொல்லவில்லையே?” என்றார்.

சின்ன மூலக்கூறு என்ற பழைய பதில் வாய்வரை வந்தது. மூன்று வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். ஆனால் அந்த ஐந்து வாரத்துக்குப் பிறகு அது வெளியே வர மறுத்தது.

“நான் இந்த மருந்தைச் சாப்பிட்டிருக்கிறேன்” என்றேன்.

பேராசிரியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தேர்வாளர், “அதை முன்னுரையில் எழுதுங்கள். அது ஒன்றுதான் நான் கேட்கும் திருத்தம்” என்றார்.

அன்று மாலையே ஒரு பத்தி எழுதினேன். அம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். இத்தனை வருடம் அவர் கட்டிக்காத்ததை நான் அச்சில் போடப்போகிறேன், சொல்லாமல் செய்வது துரோகம் என்று தோன்றியது. சண்டை வரும் என்று தெரிந்தே, வாசலில் நின்று ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்தேன்: “பதினேழு வயதில் எனக்குக் காசநோய் வந்தது. மருத்துவர் சொன்னபடி தினமும் ஐசோநியாசிட் சாப்பிட்டேன். இருந்தும் நோய் திரும்பியது. அந்த மருந்து என் உடம்பில் தோற்றதால்தான் அதைவிட நல்லதைத் தேடினேன்.”

அம்மா கையை உதறித் துடைத்துக்கொண்டார். சண்டை வரவில்லை.

“தினமும்னு எழுதாதே” என்றார்.

“ஏன்மா?”

“நீ தினமும் சாப்பிடலை. நான் கொடுக்கலை.”

எனக்குப் புரியவில்லை. அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு பேசினார். “கண்ணு மஞ்சளாச்சே, டாக்டர் நிறுத்தச் சொன்னாரே. தெளிஞ்சதும் மறுபடி வாங்கிக் கொடுக்கச் சொன்னாரு. வாங்கப் போனேன். கவுண்டர்லே புதுசா ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா, கிளாங்குப் பொண்ணு. அக்கா மாமியார் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. என்னைப் பார்த்திருந்தா அன்னிக்கே கல்யாணம் நின்னிருக்கும். அப்படியே திரும்பி வந்துட்டேன்.”

“அப்போ நான் சாப்பிட்டது?”

“மருந்துக் கடையிலே வாங்கின வைட்டமின். அதுவும் வெள்ளையாத்தான் இருந்திச்சு. கிளினிக்லேருந்து கடுதாசி வந்திச்சு, கிழிச்சுப் போட்டேன். கல்யாணம் முடியட்டும், முடியட்டும்னு இருந்தேன். நீ வாந்தி எடுக்கலை, தெம்பா ஓடினே. நோய் போயிடுச்சின்னு நினைச்சேன்.”

குமட்டல்கூட இல்லை. அப்போது ஏன் என்று நான் கேட்கவே இல்லை. வேதியியல் படித்து, அணு அணுவாகக் கணக்குப் போட்டவள், என் கையில் விழுந்த மாத்திரை என்ன என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தாள் கசங்கியது. “ஒரு வருஷம்மா! என் பரீட்சை! செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்று கத்தினேன். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.

அம்மா அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “ரெண்டாவது தடவை ஒருநாள்கூட விடலை. நீ முழுங்கினியான்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்லே? பதினெட்டு மாசம். அதுக்கப்புறம் வரலைலே?” என்றார்.

வரவில்லை. அதே ஐசோநியாசிட்தான். நான் பன்னிரண்டு வருடமாகப் பகைத்தது, மூன்று வருடமாகத் தோற்கடிக்கப் பார்த்தது, என்னைப் பிழைக்க வைத்த மருந்தை. அந்த ‘தினமும்’ நான் சோதிக்காமல் போட்ட இன்னொரு சுழியம்.

அலமாரித் தட்டில் பருப்பு டப்பாவுக்குக் கீழே தட்டை மூலக்கூறின் எண்கள் எண்ணெய்க் கறையோடு கிடந்தன. கோபம் போகவில்லை. ஆனால் மறுநாள் காலைக்குள் அந்தப் பத்தியைத் தேர்வாளரிடம் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கசங்கிய தாளை நீவினேன்.

“எப்படி எழுதட்டும்? அக்கா மாமியார்?”

“அவங்க உன் இங்கிலீஷ் புத்தகத்தைத் தேடிப் போய்ப் படிக்கவா போறாங்க? படிச்சாப் படிக்கட்டும். நான்தான் நிறுத்தினேன்னு எழுது. உள்ளதை எழுது.”

அம்மா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் கடைசி மூன்று வாக்கியங்களையும் அடித்துவிட்டு, அவர் பார்த்திருக்க, எழுதினேன்: “நோய் வெளியே தெரியக்கூடாது என்று என் வீட்டில் இந்த மருந்தைப் பாதியில் நிறுத்தினோம். சாப்பிட்ட நாளெல்லாம் அது வேலை செய்தது.”